வாங்கிய பங்கை எப்போது விற்பது? சூப்பர்டிரெண்ட் கோட்டைப் பிடித்து வெளியேறும் முறை

2021இல் ஒரு கெமிக்கல் நிறுவனத்தின் பங்கை 410 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறே மாதத்தில் 690 வரை போனது. 700 வந்தால் விற்றுவிடலாம் என்று இருந்தேன். வரவில்லை. 650க்கு இறங்கியதும், 690 பார்த்த பங்குதானே, திரும்ப ஏறும் என்று காத்திருந்தேன். 560 ஆனபோது விற்கவே மனம் வரவில்லை. கடைசியில் 390இல், நட்டத்தோடு வெளியே வந்தேன். கம்பெனி கெட்டுப்போகவில்லை. நான் வாங்கிய காரணமும் தவறில்லை. எப்போது விற்பது என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு விதி இல்லாமல் இருந்தது.

அந்த விதியை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று இதில் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டிமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) திறந்து, டெலிவரியில் பங்கு வாங்கி, சில வாரங்களோ சில மாதங்களோ வைத்திருந்து விற்கும் ஸ்விங் ட்ரேடிங்கில் இறங்கியிருக்கும் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐந்து நிமிட சார்ட்டில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வியாபாரம் செய்பவர்களுக்கு இது பயன்படாது. பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் 2022–23 நிதியாண்டில் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நாம் எடுத்துக்கொள்ளும் கருவி சூப்பர்டிரெண்ட். பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே செபான் உருவாக்கியது. நம் ஊரில் ஏறக்குறைய எல்லா புரோக்கர் செயலிகளின் சார்ட்டிலும் இருக்கிறது. ஏறும் போக்கில் விலைக்குக் கீழே பச்சைக் கோடு, இறங்கும் போக்கில் மேலே சிவப்புக் கோடு, பார்த்ததும் புரிந்துவிடும். பச்சை வந்தால் வாங்கு, சிவப்பு வந்தால் விற்று விடு என்று இதை முழு வியாபார முறையாகவே பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அப்படிப் பயன்படுத்துவதில்லை. வாங்கும் முடிவுக்கு வேறு காரணம் இருக்கட்டும். வாங்கிய பிறகு எதுவரை பொறுக்கலாம் என்பதைக் காட்டும் கோடாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

கோடு எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோடு எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவர்கள், இரண்டு நட்டம் வந்ததும் அதை நம்பாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஏ.டி.ஆர். ஒரு பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதற்கான அளவு அது. அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978இல் இதை வெளியிட்டார். ஆர்.எஸ்.ஐ., பாராபோலிக் எஸ்.ஏ.ஆர். என்ற சார்ட் கருவிகள் இரண்டும் அவர் தந்தவைதான். ஒரு நாளின் உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், இரவில் வந்த செய்தியால் காலையில் விலை எகிறித் திறப்பது கணக்கில் வராது. அதனால் அவர் மூன்று அளவுகளை எடுத்தார்: இன்றைய உச்சம் கழித்தல் இன்றைய தாழ்வு, இன்றைய உச்சத்துக்கும் நேற்றைய முடிவு விலைக்கும் உள்ள இடைவெளி, இன்றைய தாழ்வுக்கும் நேற்றைய முடிவு விலைக்கும் உள்ள இடைவெளி. மூன்றில் எது பெரியதோ அதுதான் அன்றைய உண்மையான ஆட்டம்.

நேற்று ஒரு பங்கு 500இல் முடிந்தது. இன்று 496 வரை ஏறி, 484 வரை இறங்கியது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் 12தான். ஆனால் நேற்றைய 500இலிருந்து 484 வரை பார்த்தால் 16. இன்றைய ஆட்டம் 16 ரூபாய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒவ்வொரு நாளும் கிடைப்பதைச் சராசரி ஆக்கினால் ஏ.டி.ஆர். கிடைக்கும். வைல்டரின் சராசரி கொஞ்சம் வேறு மாதிரி. 10 நாள் கணக்கு என்றால், நேற்றைய ஏ.டி.ஆரை 9ஆல் பெருக்கி, இன்றைய ஆட்டத்தைக் கூட்டி, 10ஆல் வகுக்க வேண்டும். நேற்று 12 இருந்தால், இன்று 108 கூட்டல் 16, அதில் பத்தில் ஒரு பங்கு, 12.4. ஒரே நாள் கலவரத்தில் அளவு தாறுமாறாகிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அடுத்து கோடு. அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுப்புள்ளியை எடுங்கள். அதிலிருந்து ஏ.டி.ஆரின் மூன்று மடங்கைக் கழியுங்கள். அவ்வளவுதான். உச்சம் 510, தாழ்வு 498 என்றால் நடுப்புள்ளி 504. ஏ.டி.ஆர். 12 என்றால் மூன்று மடங்கு 36. கோடு 468இல் நிற்கும்.

இந்தக் கோட்டின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. பச்சையாக இருக்கும்வரை கோடு ஏறும், அல்லது அதே இடத்தில் நிற்கும், இறங்கவே இறங்காது. இன்றைய கணக்கில் கீழான ஓர் எண் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு நேற்றைய எண்ணையே வைத்துக்கொள்ளும். விலை கோட்டுக்குக் கீழே முடிந்தால் மட்டும் கோடு சிவப்பாகி விலைக்கு மேலே தாவிவிடும். 560இல் எனக்கு விற்க மனம் வரவில்லை என்று சொன்னேனே, அந்த இடத்தில் மனம் செய்வதற்கு நேர் எதிரானதை இந்தக் கோடு செய்கிறது. விலை இறங்க இறங்க நாம் நம் எல்லையைக் கீழே தள்ளிக்கொண்டே போகிறோம். கோடு தள்ளுவதில்லை.

முதல் படி: எந்தப் பங்குக்கு இது பொருந்தும்

தினமும் நிறையக் கை மாறும் பங்காக இருக்க வேண்டும். தொடக்கத்தில் தேசியப் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனப் பட்டியலான நிஃப்டி 50, அதிகம் போனால் நிஃப்டி 200 பட்டியலுக்குள் நின்றுகொள்ளுங்கள். சின்னப் பங்குகளுக்கு 5 சதவீதம், 10 சதவீதம் என்று சர்க்யூட் வரம்பு, அதாவது ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ கூடிய எல்லை உண்டு. கெட்ட செய்தி வந்தால் காலையிலேயே அந்தக் கீழ் எல்லையில், லோயர் சர்க்யூட்டில், பூட்டிக்கொள்ளும். வாங்க ஆள் இருக்காது. கோடு சிவப்பானது உங்களுக்குத் தெரியும், ஆனால் விற்க முடியாது. அடுத்த நாளும் அதே கதை. விற்க முடியாத இடத்தில் வெளியேறும் விதிக்கு வேலையே இல்லை.

இரண்டாம் படி: சார்ட்டை அமைப்பது

தினசரி சார்ட் வையுங்கள், ஒரு கேண்டில் (சார்ட்டில் விலையைக் காட்டும் ஒரு கட்டை) ஒரு நாள். இண்டிகேட்டர் பட்டியலில் சூப்பர்டிரெண்ட்டைச் சேர்த்தால் இரண்டு எண்கள் கேட்கும். முதலாவது ஏ.டி.ஆருக்கு எத்தனை நாள், இரண்டாவது எத்தனை மடங்கு. பல இடங்களில் 10, 3 என்று தானாகவே இருக்கும். சில செயலிகளில் 7, 3 இருக்கலாம். 10, 3 என்று மாற்றி வைத்துவிட்டு அதைத் தொடாமல் விடுங்கள்.

மடங்கை 2 ஆக்கினால் கோடு விலையை ஒட்டி நடக்கும். லாபத்தில் குறைவாகத்தான் திருப்பிக் கொடுப்பீர்கள், ஆனால் சின்ன இறக்கத்துக்கெல்லாம் வெளியே வந்துவிடுவீர்கள். 4 ஆக்கினால் பொறுமை கூடும், திருப்பிக் கொடுப்பதும் கூடும். இதில் சரியான எண் என்று ஒன்று கிடையாது. முடிந்துபோன ஒரு சார்ட்டில் எந்த எண் அதிக லாபம் தந்திருக்கும் என்று தேடித் தேடி மாற்றுவது புதியவர்களுக்கு ஒரு பெரிய பொறி. 2.7 போட்டால் அந்தப் பங்கில் அற்புதமாகத் தெரியும். அடுத்த பங்கில் சொதப்பும்.

மூன்றாம் படி: வாங்கும் முன்பே எத்தனை பங்கு என்று கணக்கிடுவது

எல்லாப் படிகளிலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். வாங்க நினைக்கும் நாளில் கோடு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பாக இருந்தால் உங்களுக்குக் கீழே பிடிமானமே இல்லை. வேறு எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் அன்று வாங்காதீர்கள்.

பச்சையாக இருந்தால், வாங்கும் விலையிலிருந்து கோடு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மேலே சொன்ன பங்கு 507இல் இருக்கிறது, கோடு 468. இடைவெளி 39 ரூபாய். ஒரு பங்குக்கு நீங்கள் இழக்கத் தயாராக இருக்க வேண்டிய தொகை அது. ட்ரேடிங்குக்கு என்று ஒதுக்கிய பணம் 2 லட்சம் என்றால், ஒரு ட்ரேடில் அதில் 1 சதவீதம், 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 2,000ஐ 39ஆல் வகுத்தால் 51 பங்குகள். அதற்கு ஆகும் பணம் 25,857 ரூபாய்.

கையில் 2 லட்சம் இருக்கும்போது 25,000க்குத்தான் வாங்குவதா என்று தோன்றும். தோன்றட்டும். இந்தக் கணக்கு உங்களை அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஏற்கனவே வேகமாக ஏறிவிட்ட பங்கில் கோடு வெகு கீழே இருக்கும். 600இல் இருக்கும் பங்குக்குக் கோடு 510 என்றால் இடைவெளி 90. அப்போது 22 பங்குகள்தான் வாங்க முடியும். எல்லோரும் ஓடிப்போய் வாங்கும் நேரத்தில் உங்கள் அளவு தானாகச் சுருங்கிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முடிவு விலையைப் பார்த்துத்தான் விற்கப்போகிறோம் என்பதால், நட்டம் சில நேரம் அந்த 39ஐத் தாண்டும். 1 சதவீதம் என்பது நெருங்கிய மதிப்பு, உத்தரவாதம் கிடையாது.

நான்காம் படி: தினமும் மாலையில் ஐந்து நிமிடம்

சந்தை நடக்கும்போது கோட்டைப் பார்க்காதீர்கள். காலை 9.15க்குத் தொடங்கிய அன்றைய கேண்டில் சந்தை மூடும்வரை மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்பக் கோடும் 11 மணிக்குச் சிவப்பாகி 2 மணிக்குப் பச்சையாகலாம். 11 மணிக்குப் பயந்து விற்றவர்கள் மாலையில் சார்ட்டைப் பார்த்தால், அப்படி ஒரு சிவப்பு வந்ததற்கான தடமே இருக்காது. சந்தை மூடிய பிறகு என்ன தெரிகிறதோ அது மட்டும் செல்லும்.

மாலையில் ஒரு நோட்டில் மூன்று எண்கள் எழுதுங்கள்: தேதி, முடிவு விலை, கோடு. எக்ஸெல்லில் எழுதினாலும் சரி. கையால் எழுதுவது எனக்குப் பிடிக்கும், கோடு நகர்வது மனதில் பதிகிறது.

507க்கு வாங்கிய பங்கைத் தொடர்ந்து பார்ப்போம். சில நாளில் உச்சம் 544, தாழ்வு 532 என்று ஆகிறது. நடுப்புள்ளி 538, ஏ.டி.ஆர். 13, கோடு 499. அப்புறம் ஓர் இறக்கம்: உச்சம் 530, தாழ்வு 518, நடுப்புள்ளி 524, ஏ.டி.ஆர். 14. கணக்குப்படி 482 வருகிறது, ஆனால் கோடு 499இலேயே நிற்கும். அன்று 521இல் முடிந்தது, கோட்டுக்கு மேலேதான். ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த இடத்தில்தான் கை அரிக்கும். 540 பார்த்த பங்கு 521 ஆகிவிட்டதே, இருக்கும் லாபத்தை எடுத்துவிடலாமா என்று தோன்றும். நோட்டைப் பாருங்கள். 499க்குக் கீழே முடியவில்லை என்றால் நீங்கள் செய்வதற்கு அன்று வேலை இல்லை.

பிறகு பங்கு உச்சம் 604, தாழ்வு 588 என்று போகிறது, ஏ.டி.ஆர். 15, கோடு 551. இப்போது கோடே நீங்கள் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. இதற்குப் பிறகு இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். கடைசியாக உச்சம் 632, தாழ்வு 616, ஏ.டி.ஆர். 16, கோடு 576. அங்கிருந்து இறங்கத் தொடங்கி, ஒரு நாள் 571இல் முடிகிறது. கோடு சிவப்பு.

ஐந்தாம் படி: விற்பது

மறுநாள் காலை விற்க வேண்டும். அன்று இரவே ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர் (சந்தை மூடிய பிறகு போட்டு வைக்கும் ஆர்டர்) போட்டுவிடலாம், அல்லது காலை 9.15க்குத் திறந்ததும் விற்கலாம். 569இல் விற்றதாக வைத்துக்கொள்வோம். பங்குக்கு 62 ரூபாய் லாபம், 51 பங்குக்கு 3,162 ரூபாய்.

632 பார்த்த பங்கை 569க்கு விற்பது வலிக்கும். உச்சத்திலிருந்து 63 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த முறையில் உச்சத்தில் ஒருநாளும் விற்க மாட்டீர்கள் என்பதை முதல் ட்ரேடுக்கு முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். உச்சம் எது என்று பங்கு இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த 63 ரூபாயை, பங்கு 900 வரை போகும் வாய்ப்பைக் கையில் வைத்திருந்ததற்குக் கொடுத்த விலை என்று நான் கணக்கு வைக்கிறேன்.

காலையில் கொஞ்சம் ஏறட்டும், விற்றுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது வேண்டாம். நான் 650இல் செய்தது அதைத்தான்.

விற்கும் அன்று இன்னொரு சிக்கல் வரும், புதியவர்கள் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். டிமேட்டில் இருக்கும் பங்கை விற்க அனுமதி கொடுக்க வேண்டும். விற்கும் பங்கை டிமேட்டிலிருந்து எடுக்க அனுமதிக்கும் டி.டி.பி.ஐ. படிவத்தை புரோக்கரிடம் ஒருமுறை கொடுத்திருந்தால் பிறகு தொல்லை இல்லை. கொடுக்கவில்லை என்றால் டிபின் என்ற ரகசிய எண், ஓ.டி.பி. போட்டு நீங்களே உறுதி செய்ய வேண்டும். பங்கு விழும் காலையில் டிபின் மறந்து தவிப்பதைவிட, இன்றே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆபத்துக் கால ஆர்டர்

மாலை நேர விதி மட்டும் போதுமா? பயணத்தில் இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம். அதற்காக ஒரு ஜி.டி.டி. ஆர்டர் போட்டு வையுங்கள். குறிப்பிட்ட விலையைத் தொட்டதும் விற்பனை ஆர்டரை அனுப்பும் வசதி அது.

கோட்டின் விலையிலேயே அதைப் போடாதீர்கள். பகலில் விலை கோட்டுக்குக் கீழே போய்விட்டு மாலையில் மேலே வந்து முடிவது அடிக்கடி நடக்கும். கோட்டுக்கு ஓர் ஏ.டி.ஆர். கீழே போடுவது என் வழக்கம். கோடு 468, ஏ.டி.ஆர். 12 என்றால் 456. கோடு ஏறும்போதெல்லாம், வாரம் ஒருமுறையாவது இதையும் ஏற்றிவிட வேண்டும்.

ஜி.டி.டி. பல செயலிகளில் லிமிட் ஆர்டரைத்தான், அதாவது இந்த விலைக்குக் கீழே விற்காதே என்ற ஆர்டரைத்தான், அனுப்பும். டிரிக்கர் (ஆர்டரைக் கிளப்பும் விலை) 456, லிமிட் 455 என்று போட்டிருக்கிறீர்கள். பங்கு நேராக 430இல் திறக்கிறது. டிரிக்கர் ஆகும், ஆர்டர் போகும், ஆனால் 455க்கு வாங்க யாரும் வரமாட்டார்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, ஆர்டர் அப்படியே தொங்கும். லிமிட்டை டிரிக்கருக்குக் கணிசமாகக் கீழே வையுங்கள். 456க்கு 435 என்று வைத்தாலும் தவறில்லை. லிமிட்டைவிட மேலே வாங்க ஆள் இருந்தால் அந்த மேலான விலைக்குத்தான் விற்கும். அதற்கும் கீழே திறந்துவிட்டால் நீங்களேதான் உள்ளே போய் ஆர்டரை மாற்ற வேண்டும்.

இரவோடு இரவாக விழும் பங்கை எந்த ஆர்டரும் முழுதாகத் தடுக்காது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் பேங்க் பங்கு, செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் 28 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் இதையும் கவனியுங்கள்: அந்த நாளுக்கு முன்பே அது 320 அருகே இறங்கிவிட்டிருந்தது. கோட்டைப் பின்பற்றியவர் அந்தப் பெரிய சரிவு வருமுன் வெளியே இருந்திருப்பார். எல்லாச் சரிவும் இப்படி முன்னறிவிப்போடு வராது. அதனால்தான் ஒரு பங்கில் 1 சதவீதத்துக்கு மேல் பணயம் வைக்க வேண்டாம் என்கிறேன்.

கோடு ஏமாற்றும் காலம்

பங்கு ஒரு திசையில் போகும்போது இந்த முறை அழகாக இருக்கும். 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 20 அன்று நிஃப்டி 50 குறியீடு 12,430ஐத் தொட்டது. பிப்ரவரி 28 அன்று 11,201இல் முடிந்தது. அதற்குள் தினசரி சார்ட்டில் கோடு சிவப்பாகிவிட்டது. மார்ச் 24 அன்று 7,511 வரை விழுந்தது. பிப்ரவரியில் சின்ன நட்டத்தோடு வெளியே வந்தவர்கள் அதற்குப் பிறகான 3,600 புள்ளிக்கும் மேற்பட்ட இறக்கத்தை வெளியே நின்று பார்த்தார்கள்.

சந்தை பக்கவாட்டில் ஆடும்போது கதை மாறும். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று கோடு புரண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நட்டம். விப்சா என்று சொல்வது இதைத்தான். திடீர்ச் செய்தியும் இதைச் செய்யும். 2024 ஜூன் 3 அன்று, தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளின் உற்சாகத்தில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884இல் முடிந்தது. 7ஆம் தேதி 23,290இல் முடிந்து, இழந்ததையெல்லாம் மீட்டுவிட்டது. 5ஆம் தேதி காலையில் விதிப்படி விற்றவர்கள் மூன்றே நாளில் ஏமாந்த உணர்வோடு நின்றிருப்பார்கள்.

அவர்கள் செய்தது தவறா? இல்லை என்பதுதான் என் பதில். 4ஆம் தேதி மாலையில், அடுத்து வருவது 2020 மார்ச்சா, 2024 ஜூன் 7ஆ என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே விதிதான் வைத்திருக்க முடியும்.

இதை எண்களில் பார்த்தால் மனம் கொஞ்சம் ஆறும். பத்து ட்ரேடு செய்கிறீர்கள். ஆறில் தலா 2,000 நட்டம், மொத்தம் 12,000. நான்கில் லாபம்: 3,000, 3,500, 5,000, 12,000. கூட்டினால் 23,500. நிகரமாக 11,500 ரூபாய் லாபம். பத்தில் ஆறு தோற்றும் லாபம்தான். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அந்த 12,000 தந்த ட்ரேடில் பயந்துபோய் 3,000த்திலேயே விற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த லாபம் 2,500 ஆகிவிடும். வரியும் புரோக்கரேஜும் போனால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. எந்த ட்ரேடு அந்தப் பெரிய லாபத்தைத் தரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், எல்லாவற்றிலும் கோடு சிவப்பாகும்வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. பாதியை விற்று மீதியை வைப்பது, 20 சதவீதத்தில் லாபம் புக் செய்வது போன்ற நுணுக்கங்களை முதல் இருபது ட்ரேடு முடியும்வரை தள்ளி வையுங்கள்.

விற்ற பங்கு திரும்பவும் பச்சையானால் என்ன செய்வது? மறுபடி வாங்கலாம், தடையில்லை. ஆனால் அதைப் புது ட்ரேடாக நினையுங்கள். முதலில் வாங்கிய காரணம் இன்னும் இருக்கிறதா, இடைவெளி எவ்வளவு, எத்தனை பங்கு என்று முதலிலிருந்து கணக்கிடுங்கள். போன முறை விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாக வாங்குவது மட்டும் கூடாது.

சார்ட் பொய் சொல்லும் சில நாட்கள்

போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), கம்பெனி பிரிப்பு ஆகியவை வந்தால் விலை ஒரே நாளில் மாறும். அது உண்மையான இறக்கம் இல்லை. 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, முந்தைய நாள் 2,841 ரூபாய்க்கு மேல் முடிந்திருந்த ரிலையன்ஸ் பங்கின் விலை 2,580 என்று நிர்ணயமானது. பங்குதாரருக்கு நட்டமில்லை, வித்தியாசத்துக்கு ஈடாக ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு கிடைத்தது. பழைய விலைகளைச் சரிசெய்யாத சார்ட்டில் கோடு உடைந்ததுபோலத் தெரியும். அதேபோல 1:1 போனஸ் வந்து 620 ரூபாய் பங்கு 310 ஆனால், நீங்கள் 560இல் போட்ட ஜி.டி.டி. அங்கேயே கிடக்கக் கூடாது. இத்தகைய தேதி வரும் வாரத்தில் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, புது விலைக்கேற்ப மறுபடி போடுங்கள்.

அப்புறம் வரி. 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விதி இது. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) போகும், விற்கும்போது டிமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான டி.பி. கட்டணமும் உண்டு. அடிக்கடி வெளியேற வைக்கும் அமைப்பு எதுவாக இருந்தாலும் இந்தச் செலவில் கரைந்துவிடும். மடங்கு 2க்குப் பதில் 3ஐ நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தினமும் பார்க்க நேரமில்லாதவர்கள் வாராந்திர சார்ட்டில் இதே 10, 3 வைத்து வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பார்க்கலாம். கோடு இன்னும் தள்ளி இருக்கும் என்பதால் வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் போடும் முன் பழக

நிஃப்டி 50இல் உங்களுக்குத் தெரிந்த ஐந்து பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி சார்ட்டில் இரண்டு வருடம் பின்னால் போங்கள். கோடு பச்சையான ஒவ்வொரு இடத்திலும், மறுநாள் திறந்த விலைக்கு வாங்கியதாக எழுதுங்கள். வாங்குவதற்கு இது நல்ல காரணம் என்பதால் இல்லை, பழகுவதற்கு ஒரு தொடக்கம் வேண்டுமே. சிவப்பான மறுநாள் திறந்த விலைக்கு விற்றதாக எழுதுங்கள். லாபம், நட்டம், எத்தனை நாள் வைத்திருந்தீர்கள், உச்சத்திலிருந்து எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று நான்கு பத்திகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

எழுதி முடித்ததும், தொடர்ச்சியாக எத்தனை நட்டம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு, ஐந்து என்று வரக்கூடும். நிஜப் பணத்தில் அத்தனை நட்டம் அடுத்தடுத்து வந்தாலும் ஆறாவது ட்ரேடை அதே விதிப்படி போட உங்களால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் ஒரு ட்ரேடுக்கு 1 சதவீதம் என்பதை அரை சதவீதமாக்குங்கள். மேலே சொன்ன பங்கில் அது 51க்குப் பதில் 25 பங்கு. அந்த அளவில் தொடங்கி இருபது ட்ரேடு முடித்துவிட்டு, நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அளவைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.